மருந்துக்கடை வரை

ஏப்ரல் 28

அன்புள்ள பெரியக்காவுக்கு,

வணக்கம். வீட்டில் எல்லோரும் நலம்தானே? உங்கள் வீட்டுக்காரர் நலமா? இதற்கெல்லாம் பதில் எழுதியே ஆகவேண்டும் என்றில்லை. கடிதம் என்றால் எதையாவது கேட்டுத்தானே தொடங்கவேண்டும் என்று கேட்டுவைத்தேன்.

போனில் கூப்பிட்டிருக்கலாம். எண் என்னிடம் இருக்கிறது. ஆனால் போன் அடித்தால் எடுக்கவா வேண்டாமா என்று அந்த நிமிடமே முடிவு செய்யவேண்டியிருக்கும். கடிதத்தை ஒரு வாரம் அலமாரியில் போட்டுவைக்கலாம், பிடிக்காவிட்டால் கிழித்துப் போடலாம். தவிர, நம் வகுப்புப் பழக்கமும் அதுதானே. பிஸ்கட் டப்பாவில் நீங்கள் எல்லோரும் வாரம் ஒரு கடிதம் போடுவதும், நான் பிழை திருத்தாமல் பதில் மட்டும் எழுதுவதும். உங்கள் கடிதம் ஜனவரிக்குப் பிறகு டப்பாவில் விழவில்லை. அதனால் இந்த முறை நானே முதலில் எழுதுகிறேன்.

பத்தாவது தேர்வு நேற்றோடு முடிந்தது. நம் ஆட்கள் எல்லோரும் எழுதினார்கள். முதல் நாள் கேட்டை மூடும்வரை நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். லாரிக்காரர் உள்ளே போகும்போது, "என்ன டீச்சர், நீங்கதான் பரீட்சை எழுதப்போற மாதிரி முழிக்கிறீங்க?" என்றார். பேனாவை மறந்துவிட்டு வந்தவர் அவர். என் பேனாவைத்தான் கொடுத்தனுப்பினேன். நம் தையல்காரருக்குக் காலியாகக் கிடந்த உங்கள் மேசைக்கு நேர் பின்னால் இடம். "முன்னாடி முதுகு மறைக்காம இருக்கறது நல்லதுதான், ஆனா மனசே சரியில்லை டீச்சர்" என்று வெளியே வந்ததும் சொன்னார்.

புதிய வகுப்பு ஜூன் முதல் வாரம் தொடங்குகிறது. சேர வருகிறவர்கள் இப்போதே மாடிப்படி ஏறிவந்து, கதவருகில் நின்று, உள்ளே வரலாமா என்று பார்வையாலேயே கேட்கிறார்கள். போன வருஷம் அவர்களைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தது நீங்கள். "படிப்பைப் பாதியில விட்டவங்கதான் இங்க எல்லாரும். யாரும் யாரையும் பாத்துச் சிரிக்கமாட்டோம். சிரிச்சா அது இந்த பெஞ்சைப் பாத்துத்தான்" என்று சொல்வீர்களே, அதை நானே சொல்லிப்பார்த்தேன். எடுபடவில்லை. பகலில் சின்னப் பிள்ளைகள் டியூஷன் படிக்கும் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து பழகியவர்கள் சொன்னால்தான் அதில் ஒரு இது இருக்கிறது.

கீழே சைக்கிள் கடையில் புதுக் காற்றடிக்கும் மெஷின் வாங்கியிருக்கிறார்கள். பழையதை விடச் சத்தம் அதிகம். கணக்கு நடத்தும்போது பார்த்துத்தான் போடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஜன்னலோர இடம் உங்களுக்காக அப்படியே இருக்கிறது. பதில் எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி.

அன்புடன்,
டீச்சர்


மே 9

டீச்சருக்கு,

உங்கள் கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை ஒன்றைத் தேடிக்கொண்டு வேகமாகப் படித்தேன். அது இல்லை. ஒருவேளை வேகத்தில் தவறவிட்டேனோ என்று மறுபடி மெதுவாகப் படித்தேன். அப்போதும் இல்லை.

நாங்கள் நலம். என் வீட்டுக்காரர் நலம். இப்போது.

பெரியக்கா என்று இனி எழுதவேண்டாம். அது வகுப்பில் வைத்த பெயர். வகுப்பில் இருக்கிறவர்களுக்குத்தான் அது.

குழந்தைகள் காப்பகத்தில் புது ஆசிரியை சேர்ந்துவிட்டாள். சின்னப் பெண். என் தங்கை மகள் வயதுதான் இருக்கும். நல்ல பெண். குழந்தைகளைத் தூங்கவைக்கத்தான் இன்னும் வரவில்லை. எல்லோரையும் ஒரே நேரத்தில் தட்டிக்கொடுக்கப் பார்க்கிறாள். காதைப் பிடித்தால்தான் தூங்குகிற குழந்தை ஒன்று இருக்கிறது, அதை நான் சொல்லிக்கொடுத்தேன். அவளை நானும் டீச்சர் என்றுதான் கூப்பிடவேண்டும் என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். கூப்பிடுகிறேன். வாய் ஒன்றும் தேய்ந்துவிடவில்லை.

உங்கள் புத்தகங்கள் என்னிடம் இருக்கின்றன. யாரையாவது அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன். புதிதாக வருகிறவர்களுக்குத் தேவைப்படும்.

பேசுகிற மாதிரியே எழுதுங்கள் என்று எங்களுக்குச் சொல்வீர்கள். மற்றவர்கள் எழுதுவார்கள். நான் எழுதமாட்டேன். பேச்சு எனக்கு ஏற்கெனவே தெரியும். எழுத்து வேண்டும் என்றுதான் அந்தப் படி ஏறினேன். அதுவாவது கொஞ்சம் கைவந்திருக்கிறது, அதற்கு நன்றி.

இப்படிக்கு,
காப்பகத்து ஆயா


மே 17

அன்புள்ள பெரியக்காவுக்கு,

வேண்டாம் என்றீர்கள். வேறு எப்படிக் கூப்பிட என்று தெரியவில்லை. கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

நீங்கள் எதைத் தேடினீர்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. 'ஏன் வரவில்லை' என்று நான் கேட்கவில்லை. கடிதத்தில் மட்டுமா? ஜனவரியில், பிப்ரவரியில், தேர்வுக்கு முந்தின வாரத்தில், எப்போதும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று உங்களுக்குத் தெரியாதா? என்னைவிட உங்களுக்குத்தானே நன்றாகத் தெரியும்.

நான் இந்த வகுப்பைத் தொடங்கின புதிதில் ஒரு காவலாளி வந்துகொண்டிருந்தார். நல்ல கூர்மையான ஆள். ஒருநாள் வரவில்லை. மறுநாள் வந்ததும், பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த பழக்கத்தில், எல்லோர் முன்னாலும், "நேத்து ஏன் வரலை?" என்று கேட்டுவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "கொஞ்சம் வேலைம்மா" என்றார். அதோடு சரி. அடுத்த நாளிலிருந்து ஆளையே காணோம். அவர் வேலை செய்யும் கட்டடத்தின் பக்கம் போனால்கூட என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விடுவார்.

அதற்குப் பிறகும் புத்தி வரவில்லை. நீங்கள் சேர்ந்த முதல் மாதம், உங்களிடமும் அதையே கேட்டேன். நீங்கள் குனியவில்லை. எழுந்து நின்றீர்கள். "நான் என்ன சின்னப் புள்ளையா? வீட்டுல ஆயிரம் இருக்கும். வந்தப்ப சொல்லிக்குடுங்க, வராதப்ப விட்டுடுங்க. ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லிட்டிருக்கணும்னா எனக்குப் படிப்பே வேண்டாம்" என்றீர்கள். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஆனால் நீங்கள் சொன்னது நியாயம். அன்றைக்கே எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம்: இந்த வகுப்பில் யார் வரவில்லை என்றாலும், ஏன் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. முதலில் கை தட்டியதே நீங்கள்தான்.

அதன்பிறகு ஆட்கள் நின்றுபோவது குறைந்தது. பத்து நாள் காணாமல் போய்விட்டுத் திரும்பி வருகிறவர்கள் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். வேறு வகுப்பு நடத்துகிறவர்களிடம் நான் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நீங்கள் கேட்டதைத்தானே நான் செய்தேன்? இதற்காக என்மேல் கோபப்பட்டால் நான் என்ன செய்வது?

எழுதி முடித்தபின் படித்துப் பார்த்தேன். கொஞ்சம் சண்டை போடுகிற மாதிரிதான் இருக்கிறது. இருக்கட்டும். வகுப்பில் பிழை திருத்தமாட்டேன் என்று சொல்லிவிட்டு என் கடிதத்தை மட்டும் திருத்தினால் நன்றாக இருக்காது.

அன்புடன்,
டீச்சர்


ஜூன் 2

டீச்சருக்கு,

நீங்கள் எழுதியதெல்லாம் உண்மை. எழுந்து நின்று பேசினேன். கை தட்டினேன். இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் டீச்சர், ஒருநாள் வரவில்லை என்றால் கேட்கவேண்டாம் என்று சொன்னேன். ஒரு ஆளே இல்லாமல் போனால்கூடக் கேட்கவேண்டாம் என்றா சொன்னேன்?

கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் என் வீட்டுக்காரர் ஒரு கிடங்கில் விளக்கு மாட்டும்போது ஏணி சறுக்கி விழுந்தார். வலது கால் எலும்பு இரண்டாகிவிட்டது. வயரிங் வேலைக்காரருக்கு ஏணிதான் சோறு போடுகிறது, அதுவே கவிழ்த்துவிட்டது. காலையில் காப்பகம், சாயந்தரம் மருத்துவமனை என்று ஓடினேன். கணக்குப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுப்பார்ப்பேன். நர்ஸ் பார்த்துவிட்டு, "பிள்ளைக்குச் சொல்லிக்குடுக்கறீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவர் கட்டிலில் படுத்தபடியே என்னைப் பார்த்தார். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது அவருக்குத் தெரியாதா? அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுக்க எனக்குக் கூச்சமாகிவிட்டது.

காப்பகத்தில் என் வேலை என்னென்ன என்று ஒருமுறை வகுப்பில் எழுதச்சொன்னீர்கள். நான் எழுதினேன், நீங்கள் படித்தீர்கள். துடைப்பது, ஊட்டுவது, தூங்கவைப்பது, ஷூவுக்குக் கயிறு கட்டுவது. அதில் இன்னொன்றும் எழுதியிருந்தேன். ஒரு குழந்தை காலையில் வரவில்லை என்றால், வீட்டுக்குப் போன் செய்து, ஏன் வரவில்லை என்று கேட்பதும் நான்தான். உடம்பு சரியில்லையா, ஊருக்குப் போயிருக்கிறார்களா, ஒன்றும் இல்லாமல் அடம்பிடிக்கிறானா என்று கேட்டுக்கொள்ளாமல் எனக்கு அன்றைக்கு வேலையே ஓடாது. சில அம்மாக்கள் எரிந்துவிழுவார்கள். விழட்டும். பேசத் தெரியாத குழந்தைக்கே, வராவிட்டால் தேட நாலு பேர் இருக்கிறார்கள்.

நான் உங்களிடம் வருஷக்கணக்கில் படித்தேன். நான் எங்கே என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர், கேட்கவில்லை.

போன வாரம் எனக்கு நாற்பத்தைந்து முடிந்தது. இனிமேல் பத்தாவது பாஸ் செய்தாலும் காப்பகத்தில் ஆசிரியை ஆக்கமாட்டார்கள், வயது தாண்டிவிட்டது. நாற்பத்தைந்து முடிவதற்குள் தேர்வு எழுதியிருந்தால் போதும், இந்த வருஷத்தை விட்டால் இல்லை என்று உங்களிடம்தான் சொல்லியிருந்தேன். நாம் சேர்ந்துதான் கணக்குப் போட்டோம், கரும்பலகையில். வருஷத்தைக் கழித்துப் பார்த்து, "சரியா இருக்கு பெரியக்கா, ஒரே தடவையில பாஸ் பண்ணிடணும்" என்றீர்கள்.

நேற்று அந்தப் பெண் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தாள். நான் பின்னால் நின்று தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு குழந்தை என் பக்கம் திரும்பி, "நீயும் சொல்லு" என்றது. எனக்குச் சொல்ல வரவில்லை.

ஆயா


ஜூன் 11

அன்புள்ள பெரியக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு வகுப்பு எடுக்கவில்லை. எல்லோரையும் ஏதாவது வாசியுங்கள் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். கரும்பலகை சாத்திவைத்திருப்பதால் அந்த ஜன்னல் திறக்காது என்று உங்களுக்குத் தெரியும். தேர்வு முடிந்தும் பழக்கத்தில் வந்துகொண்டிருக்கிற தையல்காரர், நான் எதைப் பார்க்கிறேன் என்று கேட்கவில்லை. நம் வகுப்பில் யாரும் எதையும் கேட்பதில்லையே.

மன்னிப்பு கேட்கிறேன். அதை எங்கே எழுதுவது என்று தெரியாமல் மூன்று தாள் வீணாகிவிட்டது. முதலிலேயே எழுதிவிட்டேன்.

நீங்கள் எழுதியதில் ஒன்று மட்டும் தவறு. உங்களை யாரும் தேடவில்லை என்றீர்கள். தேடினார்கள். நீங்கள் வராமல் போன இரண்டாவது வாரமே லாரிக்காரர், "டீச்சர், ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடட்டுமா? வண்டி அந்தப் பக்கம்தான் போகுது" என்றார். தையல்காரரும் எழுந்துவிட்டார். நான்தான் உட்காரவைத்தேன். "நம்ம வகுப்புல அப்படி ஒரு முடிவு இருக்கு. அவங்களே போட்ட முடிவு. அதை மதிக்கணும்" என்று பெரிய பேச்சுப் பேசினேன். லாரிக்காரர், "மதிக்கறதுன்னா போகாம இருக்கறதா டீச்சர்?" என்று கேட்டார். அவருக்கு ஏதோ பதில் சொல்லி வாயடைத்தேன். என்ன சொன்னேன் என்றுகூட இப்போது நினைவில்லை.

அவர்கள் வந்திருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் அதையும் கெடுத்தேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இதை எழுதவேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதினால் நீங்கள் என்னைச் சும்மா விடமாட்டீர்கள் என்று தெரிகிறது. எழுதாவிட்டால் நானே என்னைச் சும்மா விடமாட்டேன்.

பிப்ரவரி கடைசியில் ஒருநாள், மனசு கேட்காமல், வகுப்புக்கு முன்னால் உங்கள் தெருவுக்கு வந்தேன். உங்கள் வீடு மாடியில், மருந்துக்கடைக்கு எதிரே என்று சொல்லியிருக்கிறீர்கள். மருந்துக்கடை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தேன். ஜன்னலில் விளக்கு எரிந்தது. ஆள் இருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று தோன்றியது. அதற்குமேல் கால் நகரவில்லை. வாசலில் சும்மா நிற்கிறேனே என்று கடைக்காரர் பார்த்ததால் இருமல் மிட்டாய் வாங்கினேன். எனக்கு இருமலும் இல்லை, ஒன்றும் இல்லை. படியேறி வந்து கதவைத் தட்டி, நீங்கள் திறந்து, அன்று வகுப்பில் நின்ற மாதிரி நின்று, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டால்? அந்தக் காவலாளி உள்ளே போய்விடுகிற மாதிரி நீங்களும் போய்விட்டால்? நம் முடிவை மதிக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். அதில் பாதி மரியாதை, மீதி பயம். எவ்வளவு பாதி என்று இப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை.

உங்கள் வீட்டுக்காரருக்குக் கால் இப்போது எப்படி இருக்கிறது? நடக்கிறாரா? இதற்காவது கண்டிப்பாகப் பதில் எழுதுங்கள்.

டீச்சர்


ஜூன் 20

டீச்சருக்கு,

நடக்கிறார். ஏணியில் மட்டும் ஏற விடுவதில்லை. கீழே நின்று ஆட்களை ஏவிக்கொண்டிருக்கிறார். "இந்த வேலை முன்னாடியே தெரியாம போச்சே" என்கிறார்.

நீங்கள் வந்தது எனக்குத் தெரியும். நான் பார்த்தேன்.

இதைப் போன கடிதத்திலேயே எழுதியிருப்பேன். நீங்கள் வாய் திறக்காதவரை நானும் திறப்பதில்லை என்று ஒரு வீம்பு. நீங்கள் திறந்துவிட்டதால் நானும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அவர் காலை நான் காரணமாகச் சொன்னேன். அது பாதிக் காரணம்தான். பிப்ரவரி பாதியிலேயே அவர் வீட்டுக்கு வந்துவிட்டார், ஊன்றுகோல் வைத்து நடந்தார். தினமும் சாயந்தரம், "நான் என்ன குழந்தையா, பாத்துக்கறேன், நீ கிளம்பு" என்று விரட்டினார். நானும் பையை எடுத்துக் கதவருகில் வைப்பேன். செருப்பு போடுவேன். பிறகு ஏதாவது வேலை ஞாபகம் வரும். மறுபடி கழற்றிவிடுவேன். "பை மட்டும் தனியாப் போய்ப் படிச்சுட்டு வருமா?" என்று கேலி செய்வார்.

எனக்குப் பயம் டீச்சர். விட்ட பாடத்தை எடுத்துப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. ஜனவரியில் கைவந்த இருபடிச் சமன்பாடு பிப்ரவரியில் யாரோ எழுதினது மாதிரி இருந்தது. மற்றவர்கள் பாடத்தில் எங்கேயோ போயிருப்பார்கள். புதிதாக வருகிறவர்களைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தவள், இப்போது அவர்களுக்குப் பின்னால் போய் உட்காரவேண்டும். பெரியக்கா என்று வேறு கூப்பிடுவீர்கள். அந்தப் பெயரைத் தூக்கிக்கொண்டு அந்தப் படி ஏற என்னால் முடியவில்லை. யாராவது வந்து, கிளம்புங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், போய்விடலாம் என்று இருந்தது. அவர் சொன்னால் அது கணக்கில் சேராது, அவர் வீட்டு மனிதர். வகுப்பிலிருந்து யாராவது.

அன்றைக்கு ஜன்னலில் துணி எடுக்கப் போனேன். நீங்கள் மருந்துக்கடை வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கிறீர்கள். "டீச்சர் வராங்க!" என்று கத்தினேன். அவர் ஊன்றுகோலை விட்டுவிட்டு ஒற்றைக்காலில் தாவி நாற்காலியில் கிடந்த துணியையெல்லாம் அள்ளிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். சட்டை போட்டுக்கொண்டார், பட்டன் மாற்றிப் போட்டிருந்தது. நான் டீக்குத் தண்ணீர் வைத்தேன். நல்ல துணி மாற்றினேன். கணக்குப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். பிறகு அது ரொம்ப நடிப்பாகத் தெரியும் என்று எடுத்துவிட்டு, மறுபடி வைத்தேன். என்ன சொல்வேன் என்றுகூட நினைத்து வைத்திருந்தேன். "வாங்க, உக்காருங்க, எவ்வளவு நாளாச்சு, திட்டத்தானே வந்தீங்க, திட்டுங்க" என்று.

டீ கொதித்தது. கதவு தட்டவில்லை. படி தெரியாமல் தேடுகிறீர்களோ என்று ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். மருந்துக்கடை வாசலில் வேறு யாரோ நின்றார்கள்.

அவர் அடுப்பை அணைத்தார். பிறகு, "மருந்து வாங்க வந்திருப்பாங்க. அவசரமா இருந்திருக்கும்" என்றார். இரண்டு டம்ளர் டீயையும் அவரே குடித்தார். எனக்கு வேண்டாம் என்றதால்தான். மறுநாள் காலை புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டேன். தேர்வு நாள் வந்தது, போனது. அன்றைக்குக் காப்பகத்தில் விடுமுறை கேட்கக்கூட நினைக்கவில்லை.

இருமல் மிட்டாய் வாங்கினேன் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. பிறகு ரொம்ப அழுதேன். ஒரு மாடிப்படி டீச்சர். அவ்வளவுதான் இருந்தது.

ஏன் திரும்பிப் போனீர்கள் என்று அன்றைக்கே உங்களை நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நானும் அந்த வகுப்பில் படித்தவள்தானே.

ஆயா


ஜூன் 24

அன்புள்ள பெரியக்காவுக்கு,

இதில் தபால்தலை இல்லை. கவனித்திருப்பீர்கள்.

ஏன் என்று கேட்பதில்லை என்ற அந்த முடிவை வகுப்பில் நீக்கிவிட்டோம். லாரிக்காரர் கை தட்டினார். தேர்வு முடிந்துவிட்டது, அவர் ஏன் இன்னும் வருகிறார் என்று கேட்கிறீர்களா? இங்கிலீஷில் போய்விடும் என்று அவருக்கே சந்தேகம், இப்போதே மறுபடி ஆரம்பித்துவிட்டார். முடிவை நீக்கிய மறுநாளே புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் வரவில்லை. சலவைக்கடையில் வேலை பார்க்கிறவள். தேடிக்கொண்டு போனேன். கடை முதலாளி முன்னால் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. அவள் படிக்கிறாள் என்பதே அவருக்குத் தெரியாதாம். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. இதுவரை வகுப்புக்கு வரவில்லை. கேட்காமல் உங்களை விட்டேன், கேட்டு அவளை விட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எப்படிக் கேட்பது என்று உங்களுக்குத் தெரியும். தினமும் காலையில் போனை எடுத்துக் கேட்கிறவர் நீங்கள். எனக்குச் சொல்லித்தர வேறு ஆள் இல்லை.

ஆனால் அதற்காக வரவில்லை. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு வந்தேன் என்று நீங்கள் நினைத்துவிடக்கூடாது.

உங்களுக்குத் தர என்னிடம் ஒன்றும் இல்லை, பெரியக்கா. போன வருஷத்தைத் திருப்பித் தர முடியாது. அந்த வேலை உங்களுக்கு இனிக் கிடைக்காது. அடுத்த ஏப்ரலில் நீங்கள் பாஸ் செய்தாலும் காப்பகத்தில் அந்தப் பெண்ணைத்தான் டீச்சர் என்று கூப்பிடவேண்டியிருக்கும். அந்தச் சான்றிதழால் இனி என்ன பயன் என்று நீங்கள் கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. இதையெல்லாம் யோசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

இதைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுத் தட்டப்போகிறேன். முதலில் படித்துவிடுங்கள், பிறகு திறங்கள். திறக்க மனமில்லை என்றால் வேண்டாம், நான் படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன். திறந்தால் கேட்கவேண்டியதை வாயால் கேட்பேன். பிப்ரவரியில் கேட்கவேண்டியது.

ஜன்னலுக்குப் போய்ப் பார்க்காதீர்கள். மருந்துக்கடை வாசலில் நான் இல்லை.

டீச்சர்